'மீன்பிடி முயற்சி' போதுமா, வேறு சொல் வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மீன்வள மேலாண்மைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வரும் 'ஃபிஷிங் எஃபர்ட்' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

மீன் பிடிக்க எத்தனை படகு, எவ்வளவு நேரம், எவ்வளவு வலை கடலில் இறங்கியது என்பதன் மொத்த அளவுதான் பொருள். இழுவைமடிக்கு இழுத்த மணிநேரம், ஆயிரங்கால் தூண்டிலுக்கு இறக்கிய கொக்கிகளின் எண்ணிக்கை, செவுள்வலைக்கு அதன் நீளமும் அது நீரில் கிடந்த நேரமும், சுருக்குமடிக்கு மீனைத் தேடி அலைந்த நாளும் சேர்த்தி. இதுவரை 'மீன்பிடி முயற்சி' என்று எழுதி வந்தேன். ஆனால் இந்த இயல் முழுக்க அதைக் கட்டுப்படுத்துவது பற்றியது. பிடித்த மீனுக்கு வரம்பு வைத்தால் ஒவ்வொரு படகின் மீனையும் நிறுத்துப் பார்க்க வேண்டும், வரம்புக்கு மேல் சிக்கியதைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தால் கணக்கிலும் வராது. அதனால் பிடிக்கப் போவதற்கே வரம்பு வைக்கிறார்கள். ஃபாரோ தீவுகள் 1994இல் பிடி ஒதுக்கீட்டைக் கொண்டுவந்து, 1996இல் அதை விட்டுவிட்டுக் கடல்நாள் ஒதுக்கீட்டுக்கு, அதாவது படகுகள் கடலில் எத்தனை நாள் மீன்பிடிக்கலாம் என்று வரம்பு வைப்பதற்கு, மாறின. இதையெல்லாம் விளக்கிவிட்டு "எனவே மீன்பிடி முயற்சியைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினால், முயல வேண்டாம் என்று தடுப்பது போலத் தொனிக்கிறது. வரைவை வகுப்பில் வாசித்துக் காட்டிய ஆசிரியரும் மாணவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள் என்கிறார். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்,
ம.

---

அன்புள்ள ம. அவர்களுக்கு,

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கும்போது நாம் ஏன் தேடி அலைய வேண்டும்? ஆள்வினை என்றால் விடாமல் செய்யும் வினை. 'மீன்பிடி ஆள்வினை' என்று எழுதுங்கள்.

அதைவிடப் பொருத்தமானது 'வேட்டம்'. சங்கப் பாடல்களில் பரதவர் கடலுக்குப் போவது வேட்டந்தான். வேள் என்றால் விரும்புதல், நாடுதல். அதிலிருந்துதான் வேட்கை, வேட்டல், வேட்டம், பிறகு வேட்டை. வேள்வியையும் இதே வேரில் வைப்பார்கள். கிடைத்ததா இல்லையா என்பது அதில் இல்லை, நாடிப் போனது மட்டுமே இருக்கிறது. நீங்கள் கேட்பதும் அதுதானே? வேட்ட அளவு, வேட்ட வரம்பு, வேட்ட நாள் என்று எத்தனை சொல் வேண்டுமானாலும் கிளைக்கும். பழைய சொல் புரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை சொற்களை இழந்திருக்கிறோம்.

செ.

---

செ. ஐயாவுக்கு வணக்கம். வேட்டம் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் நான் இந்தப் பாடத்தை நடத்துகிறவன், எனக்குச் சமன்பாட்டில் உட்காரும் சொல் வேண்டும். மீன்பிடி இறப்பு வீதம் = பிடிபடுதிறன் × முயற்சி. இறப்பு வீதம் என்பது மீன்பிடியால் மீன்கள் சாகும் வேகம், பிடிபடுதிறன் என்பது ஓர் அலகு முயற்சிக்கு இருக்கிற மீனில் எவ்வளவு பங்கு சிக்கும் என்பது. இந்த ஒரு வரியில்தான் கட்டுப்பாட்டின் தத்துவமே இருக்கிறது. கடலில் மீன் எவ்வளவு என்று நேரில் எண்ண முடியாது, எத்தனை படகு எத்தனை நாள் போனது என்று எண்ணலாம். அதைக் குறைத்தால் இறப்பும் அதே விகிதத்தில் குறையும் என்று நம்புகிறோம். பிடிபடுதிறன் மாறாமல் இருந்தால் மட்டுமே அது நடக்கும். அது மாறாமல் இருப்பதில்லை. மீன் கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவி வந்தது, ஜிபிஎஸ் வந்தது, எஞ்சின் பெரிதானது. ஆண்டுக்கு 3 விழுக்காடு கூடுவதாக வைத்துக்கொண்டாலே 24 ஆண்டில் அதே ஒரு கடல்நாள் இரண்டு நாளின் வேலையைச் செய்துவிடும். சட்டத்தில் நாள் கூடியிருக்காது, கடலில் கூடியிருக்கும்.

பசிபிக்கில் நவ்ரு உடன்படிக்கையில் சேர்ந்த தீவு நாடுகள் சூரை பிடிக்கும் சுருக்குமடிக் கப்பல்களுக்கு 2007 முதல் கப்பல்நாள் முறை, அதாவது மீன்பிடி நாட்களை எண்ணி ஒதுக்கும் முறை, நடத்துகின்றன. அதில் நீளம் 50 மீட்டருக்குக் குறைந்த கப்பல் ஒரு நாள் கடலில் இருந்தால் அரை நாளாகக் கழிப்பார்கள், 80 மீட்டருக்கு மேல் இருந்தால் ஒன்றரை நாள். ஒரு நாளும் இன்னொரு நாளும் சமமில்லை என்று ஒப்புக்கொண்ட விதி இது.

ஆகவே 'அளவு' என்ற உணர்வு சொல்லிலேயே இருக்க வேண்டும். ஆள்வினையைக் கேட்டால் மனிதன்தான் நினைவுக்கு வருவான், 500 குதிரைத்திறன் எஞ்சின் வராது. தனி மடலில் ஒருவர் 'உழைப்பு' என்றார், அதற்கும் இதே குறை. 'மீன்பிடி அழுத்தம்' என்று யாரும் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது இறப்பு வீதத்தின் பக்கம் போய்விடும். 'திறன்' என்றால் படகு கட்டிக் கரையில் நின்றாலும் திறன்தான். என் வாக்கு 'மீன்பிடி முனைப்பளவு'.

கு.

---

எல்லாருக்கும் வணக்கம். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் வாயில் இருக்கிற சொல்லை யாரும் எடுக்கவில்லையே என்று எழுதுகிறேன். பாடு. 'என்ன பாடு பட்டாலும்' என்கிறோம், 'பாடுபட்டு' என்கிறோம். படுதல் என்பதுதான் வேர். உடம்பு படுவதும் பாடு, மீன் வலையில் படுவதும் பாடு, அதனால்தான் மீன்பாடு. போட்டதும் கிடைத்ததும் ஒரே வேரில் நிற்கின்றன. மீன்வள அறிவியலாளர் ஷேஃபர் 1954இல் முயற்சிக்கும் பிடிக்கும் போட்ட வளைகோட்டை இதில் சொல்லிப் பாருங்கள்: பாடு கூடக் கூட மீன்பாடு கூடும், உச்சத்துக்குப் போன பிறகு பாடு கூடினால் மீன்பாடு குறையும். இதை நான் கடற்கரையில் நின்று சொன்னால் ஒருவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வலை இறக்குகிறவர்களிடம்தான் 'இனி இத்தனை நாள்தான்' என்று போய்ச் சொல்லப் போகிறோம், அவர்களுக்குப் புரியாத சொல்லில் சட்டம் எழுதி என்ன பயன்? கடற்பாடு என்று வையுங்கள்.

நா.

---

நா. தம்பி, வேர் விளக்கம் அருமை. ஆனால் உங்கள் பலமேதான் இடைஞ்சல். அலகு முயற்சிக்கு எவ்வளவு பிடி என்பதுதான் எங்கள் துறையின் அன்றாடக் கணக்கு. அது 'பாட்டுக்குப் பாடு' ஆகிவிடும். வகுத்தலில் மேலேயும் கீழேயும் ஒரே சொல் நின்றால் விடைத்தாளில் தலைகீழாகப் போடுவார்கள். அப்புறம் வேற்றுமை உருபு ஏறினால் 'பாட்டைக் குறைக்க வேண்டும்' என்று வரும், பாட்டுக் கச்சேரியை நிறுத்தச் சொன்னது போல இருக்கும்.

கு.

---

கோட்பாட்டை, மேம்பாட்டை, பண்பாட்டை என்று எழுதும்போது யாருக்குக் கச்சேரி நினைவுக்கு வருகிறது, அண்ணா? 'கட்டுப்பாடு' என்று நாம் இங்கே ஓயாமல் எழுதுகிறோமே, அதில் இருப்பதும் இதே பாடுதான். கிடைத்ததற்குப் 'பிடி' என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிடியைக் கடற்பாட்டால் வகுத்தால் எங்கே குழப்பம்?

நா.

---

கடற்பாடு காதில் கடப்பாடு என்று விழும். பாடநூலை வாய்விட்டுப் படிக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வேட்டத்தை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பழகினால் வரும். கணினி என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதிதுதான்.

செ.

---

அனைவருக்கும் நன்றி.

நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் 'முயற்சி' என்பதை விட வேண்டாம், அளவு என்று தெரியும்படி ஒட்டு கொடுங்கள் என்பதுதான் பலர் கருத்து. சமன்பாட்டிலும் அட்டவணையிலும் 'மீன்பிடி முயற்சியளவு' என்று போடுகிறேன். கட்டுப்பாடு பற்றிய பகுதியில் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் கடல்நாள் வரம்பு, கொக்கி வரம்பு, வலைநீள வரம்பு என்று எதைக் குறைக்கிறார்கள் என்பதையே நேராக எழுதிவிட்டேன். அப்படி எழுதியதும் முயலாதே என்ற தொனி பெரும்பாலும் போய்விட்டது. முனைப்பளவை வகுப்பில் சொல்லிப் பார்த்தார்கள், 'முனை' என்று பிரித்துக் கேட்டார்களாம். கு. அண்ணா பொறுத்தருள வேண்டும்.

ம.

---

சரி, இயல் போகட்டும். 'முயற்சியளவு' எனக்கு ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மீனவர்களுக்கான கையேட்டுக்கு இதே இயலைச் சுருக்கும் வேலை வந்தால் என்னிடம் தாருங்கள், அதில் கடற்பாடு என்றுதான் எழுதுவேன்.

நா.