எரிசக்திச் சான்றிதழ்: காசுக்கு மாற்றாக நிற்குமா?

திருகாணி:
1930களில் அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்காட், கிங் ஹப்பர்ட் முன்வைத்த டெக்னோக்ரசி (அரசியல்வாதிகளுக்குப் பதில் தொழில்நுட்ப வல்லுநர்கள் நாட்டை நடத்துவது) திட்டப்படி, ஆள் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு காசு கிடையாது, நாட்டின் எரிசக்தியில் ஆளுக்கொரு பங்கு தரும் எரிசக்திச் சான்றிதழ்தான். இது பெயர் மாற்றிய காசா, ரேஷன் அட்டையா? தலைக்கு எவ்வளவு, ஒரு ஜோடி செருப்புக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது?

அளவுகோல்:
இது காசு அல்ல. காசு கைமாறும், சேரும், வட்டி ஈட்டும். சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கும்; இன்னொருவருக்குத் தர முடியாது; 2 ஆண்டுக் கணக்குக் காலம் முடிந்தால் செல்லாது. இன்று பேசப்படும் அடிப்படை வருமானத்திலிருந்து (எல்லோருக்கும் நிபந்தனையின்றி அரசு தரும் பணம்) இது பிரிவது இங்கேதான்.

கூலியை ஏன் கைவிட்டார்கள்? ஓர் ஆளின் உழைப்பைக் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். 8 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.6 யூனிட் கரண்ட். அப்படியானால் 10 குதிரைத்திறன் மோட்டார் 100 ஆளுக்குச் சமம். அந்த 100 பேரின் கூலி நின்றால், மோட்டார் செய்த பொருளை யார் வாங்குவது? அதனால் வேலை 25 முதல் 45 வயது வரை, ஆண்டுக்கு 165 நாள், நாளுக்கு 4 மணி நேரம்; பங்கு மட்டும் வாழ்நாள் முழுக்க.

தலைக்கணக்கு: நிலக்கரி, எண்ணெய், நீர்மின்சாரம் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 1,000. ஆலைப் பராமரிப்பு, விரிவாக்கத்துக்கு 350. மருத்துவமனை, பள்ளி, போக்குவரத்துக்கு 150. மிச்சம் 500, பெரியவர்கள் 100 பேர் என்றால் ஆளுக்கு 5.

செருப்புக்கு: தோல் பதனிடுவதிலிருந்து கடைக்கு வரும்வரை செலவான சக்தி. இயந்திரத்தைச் செய்ய ஆன சக்தியை, அது தேய்ந்து போகும்வரை தைக்கும் ஜோடிகளால் வகுத்துச் சேர்க்க வேண்டும்.

கொதிகலன்:
கூட்டல் சரி, அலகுதான் இடிக்கிறது. பழைய அனல்மின் நிலையத்தில் 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் நிலக்கரி வெப்பம் வேண்டும். இரண்டையும் அப்படியே கூட்டினால் தப்பு. கச்சா எண்ணெய் ஒரே வடிப்பில் பெட்ரோல், டீசல், தார் என்று பிரிகிறது. செலவான சக்தியில் தாருக்கு எவ்வளவு எழுதுவது? எப்படிப் பிரித்தாலும் அது நாம் வைத்த விதிதானே தவிர, இயற்பியல் சொன்னதல்ல.

அதைவிடப் பெரிய ஓட்டை: ஒரு பொருள் எவ்வளவு அரிது என்பதற்கும் அதற்கு ஆகும் சக்திக்கும் சம்பந்தமில்லை. ஒரு கிலோ அலுமினியம் உருக்கிப் பிரிக்க 14 யூனிட் வரை ஆகும். 80 வருடத் தேக்கை வெட்டி அறுத்து ஏற்ற அதில் சிறு பங்கு போதும். இந்தக் கணக்கில் கிலோவுக்குக் கிலோ தேக்கு மலிவு. காடு எத்தனை நாள் தாங்கும்?

அளவுகோல்:
தேக்கு விஷயம் உண்மைதான். நட்டு வளர்க்கும் சக்தியைச் சேர்த்தாலும் 80 வருடக் காத்திருப்பு கணக்கில் ஏறாது. அதற்குத் தனி ஒதுக்கீடு தேவை. ஆனால் டெக்னோக்ரசிக்காரர்களுக்குச் சான்றிதழ் விலைச்சீட்டு அல்ல, பதிவேடு. எந்த ஊரில் எந்த அளவுச் செருப்பு போனது என்று தெரிந்தால் ஆலை அதற்கேற்பத் தைக்கும். ரொட்டி, துணி, செருப்புக்கு இது வேலை செய்யும். புதிய சிமென்ட் ஆலை கட்டச் சில வருடம் ஆகும். அங்கே நேற்றைய விற்பனைப் பதிவு போதாது.

என்னை உறுத்துவது ஆலைக்கு ஒதுக்கிய அந்த 350. அதை 450 ஆக்கினால் ஆளுக்கு 5 என்பது 4 ஆகிவிடும். யார் தீர்மானிப்பது? துறைத் தலைவர்கள் அடங்கிய குழு. அந்தக் குழுவே தனக்குள்ளிருந்து தலைமை இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும். பொதுமக்களுக்கு ஓட்டு இல்லை. இன்றைய நுகர்வா, நாளைய ஆலையா என்ற கேள்விக்கு எந்த மீட்டரும் விடை காட்டாது.