இறங்கும்போது ஆர்.பி.எம். தானாகக் குறைகிறது, தரையில் எல்லாம் சரியாக இருக்கிறது (செஸ்னா 150)

ஒற்றை_காற்றாடி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது செஸ்னா 150, கான்டினென்டல் ஓ-200 எஞ்சின், கார்புரேட்டர் வகை. இதுவரை தொந்தரவு கொடுத்ததில்லை. போன வாரம் 4,500 அடியிலிருந்து இறங்கலாம் என்று த்ராட்டிலை 2,100க்குக் குறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முள் 1,950ல் நிற்கிறது, நான் கை வைக்கவே இல்லை. த்ராட்டில் நழுவுகிறதோ என்று உராய்வு நட்டை இறுக்கி மறுபடி 2,100க்குக் கொண்டுவந்தேன், மறுபடியும் மெதுவாக இறங்குகிறது. அப்புறம் லேசான நடுக்கம் ஆரம்பித்தது, ரடர் பெடலில் கால் வழியாகத் தெரிகிற அளவுக்கு. கார்ப் ஹீட்டை (எக்ஸாஸ்ட் சூட்டில் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் குமிழ்) இழுத்தேன். எஞ்சின் இன்னும் மோசமாக இருமியது, உடனே உள்ளே தள்ளிவிட்டேன். ஓடுதளம் பக்கத்திலேயே இருந்ததால் உயரத்தை விடாமல் அதன் மேலேயே வட்டமடித்து, எஞ்சின் நின்றாலும் போய்ச் சேருகிற மாதிரி வைத்துக்கொண்டு இறங்கினேன்.

தரையில் எல்லாம் சரி. 1,700ல் மேக்னீட்டோ (ப்ளக்குகளுக்கு மின்பொறி தரும் கருவி, இரண்டு உண்டு) சோதனை செய்தேன், இரண்டு பக்கமும் கையேட்டில் சொன்ன அளவுக்குள்தான் விழுகிறது, இரண்டுக்கும் வித்தியாசமும் பெரிதாக இல்லை. மெக்கானிக் ப்ளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், சுத்தம். எரிபொருள் 100 எல்எல், டிரெய்னில் (டேங்கின் அடியிலிருந்து எடுக்கும் மாதிரியில்) தண்ணீர் இல்லை. "ஒன்றுமில்லை, ஓட்டுங்கள்" என்கிறார். எனக்கு மனது ஒப்பவில்லை. காரணம் தெரியாமல் இந்த வண்டியில் என் மகளை உட்காரவைத்துப் பறக்க மாட்டேன். எங்கே தேடுவது?

மேகக்கூரை எழுதியது:

மூன்று விஷயம் சொல்லுங்கள். அன்றைக்கு வெப்பநிலை எவ்வளவு, பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு? கார்ப் ஹீட்டை எவ்வளவு நேரம் வெளியே வைத்திருந்தீர்கள்? ரன்-அப்பில் (பறக்கும் முன் தரையில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும்போது) கார்ப் ஹீட்டை இழுத்தால் ஆர்.பி.எம். எவ்வளவு விழுகிறது?

ஒற்றை_காற்றாடி எழுதியது:

வெப்பநிலை 19 பாகை, பனிநிலை 16. மேலே மெல்லிய மேகப் படலம், மழை இல்லை. கார்ப் ஹீட் சில வினாடிதான் வெளியே இருந்தது. ரன்-அப்பில் 20, 30 விழும், அவ்வளவுதான். இந்த வண்டியில் எப்போதும் அப்படித்தான்.

மேகக்கூரை எழுதியது:

நண்பரே, இது கார்புரேட்டர் பனிதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 19 பாகையில் பனியா என்று கேட்பார்கள், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட் தோலில் சில்லென்று படுகிறதே, அதே வேலைதான் கார்புரேட்டருக்குள்ளும் நடக்கிறது. எரிபொருள் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, போதாததற்கு வென்ச்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்) அழுத்தம் குறைவதால் காற்றும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலை 30 பாகைக்கு மேல்கூட இறங்கலாம். வெளியே 19 என்றால் உள்ளே உறைநிலைக்குக் கீழே. காற்றில் இருக்கும் ஈரம் பட்டர்ஃபிளை வால்வின் (த்ராட்டிலோடு திறந்து மூடும் மூடியின்) ஓரத்தில் பனியாகப் படியும். 21 பாகைக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் வாய்ப்பு மிக அதிகம் என்பார்கள், உங்கள் 19க்கும் 16க்கும் கணக்குப் போட்டால் அதே இடத்தில் வந்து நிற்கிறது. ஆனால் 38 பாகை வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்தில்கூட இது வரலாம், அதனால் வெயில் அடிக்கிறதே என்று தைரியமாக இருக்க முடியாது.

பவர் குறைத்ததும் வந்தது ஏன்? வால்வு பாதி மூடியிருக்கும்போது இடுக்கு சின்னது, கொஞ்சம் பனி படிந்தாலே காற்று அடைபடும். இதழ்க் கோணம் மாறாத காற்றாடி என்பதால் முதல் அறிகுறி ஆர்.பி.எம். நழுவுவதுதான்.

நீங்கள் ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் இருமியதே, பனி உருகி அந்தத் தண்ணீரை எஞ்சின் விழுங்குகிறது, அதோடு சூடான காற்றில் கலவையும் செறிவாகிவிடும். அந்த நேரத்தில் மோசமாவதுதான் இயல்பு. முழுதாக இழுத்து, விடாமல் வைத்திருக்க வேண்டும். அரை நிமிடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் உருகி முடிந்ததும் முள் தானாக ஏறும். இருமுகிறது என்று உள்ளே தள்ளினால் பாதி உருகிய பனி மறுபடி உறையும்.

தரையில் ஒன்றும் கிடைக்காததும் இதனால்தான். நின்ற எஞ்சினின் சூட்டிலேயே பனி உருகிப் போய்விடும். கவ்லிங்கை (எஞ்சினின் வெளி மூடியை) திறக்கும்போது பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தாழ்வான_சுற்று எழுதியது:

எனக்கும் இப்படி வரும், நான் ஹீட்டைப் பாதி இழுத்து வைத்துக்கொள்வேன், பவரும் போகாது பனியும் வராது.

மேகக்கூரை எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கார்புரேட்டர் வெப்பநிலைமானி இருந்தால் சரி, இல்லாமல் பாதி இழுப்பது ஆபத்து. உறைநிலைக்கு ரொம்பக் கீழே இருக்கிற காற்றில் ஈரம் சின்னப் பனித்துகளாக உள்ளே வந்து, ஒட்டாமல் அப்படியே போய்விடும். அரைகுறைச் சூடு அதை உருக்கி, சரியாக உறைகிற வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். முழுதாக இழுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

பழைய_ஸ்பேனர் எழுதியது:

மேகக்கூரை சொன்னதெல்லாம் சரி, ஆனால் முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தம்பி, ரன்-அப்பில் 20, 30தான் விழுகிறது என்கிறீர்கள், அது நல்ல செய்தி இல்லை. சூடான காற்று லேசானது, அது உள்ளே போனால் பவர் கண்டிப்பாகக் குறைய வேண்டும், 15 சதவீதம் வரைகூடப் போகும். ஆரோக்கியமான ஓ-200ல் 1,700ல் நான் பார்க்கிற வீழ்ச்சி 100க்குப் பக்கம் அல்லது அதற்கு மேல். உங்கள் குமிழ் வெளியே வருகிறது, சூடு கார்புரேட்டருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த எஞ்சினில் அது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலான லைகாமிங் எஞ்சின்களில் கார்புரேட்டர் எண்ணெய் சம்ப்போடு சேர்த்துப் பூட்டியிருப்பதால் அந்தச் சூடு கொஞ்சம் காப்பாற்றும். ஓ-200ல் அது தனியாகத் தொங்குகிறது, சீக்கிரம் பனி பிடிக்கும்.

மேல் கவ்லிங், கீழ் கவ்லிங் இரண்டையும் கழற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து குமிழை இழுக்கட்டும், நீங்கள் காற்றுப்பெட்டிக்குள் (கார்புரேட்டருக்குக் காற்று போகும் பெட்டி) டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் சூடான காற்றுக்கு வழிவிடும் தகடு முழுதாகத் திரும்பி நிறுத்தத்தில் இடிக்க வேண்டும், குமிழ் கடைசிவரை வரும் முன்பே இடிக்க வேண்டும். கேபிளின் வெளி உறையைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். தகட்டின் அச்சு, அதன் புஷ்ஷிங் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து மஃப்ளர் உறையிலிருந்து காற்றுப்பெட்டிக்கு வரும் ஹோஸ். இரட்டை அடுக்கு ஹோஸாக இருந்தால் கழற்றி உள்ளே கண் வைத்துப் பார்க்க வேண்டும், வெளியே நன்றாக இருக்கும், உள் அடுக்கு பிரிந்து வழியை அடைத்திருக்கும். உறையைத் திறந்த கையோடு மஃப்ளரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே விரிசல் இருந்தால் ஹீட் போட்டதும் புகையே கார்புரேட்டருக்குள் போகும். கேபினுக்கு வருகிற சூடும் மஃப்ளர் உறையிலிருந்துதான், அந்தப் பக்கம் விரிந்தால் கார்பன் மோனாக்சைடு உங்கள் மூக்குக்கே வரும், வாசனை இருக்காது. இது முடியாமல் பறக்க வேண்டாம்.

இரவு_டயர் எழுதியது:

டேங்க் வென்ட் (டேங்குக்குள் காற்று போகும் துளை) அடைப்பு?

பழைய_ஸ்பேனர் எழுதியது:

பார்ப்பதில் தப்பில்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் எரிபொருள் பற்றாக்குறை என்றால் அதிகப் பவரில்தான் முதலில் காட்டும், ஏறும்போது. இவருக்குக் குறைத்த பிறகு வந்திருக்கிறது. டிரெய்ன் மாதிரி எடுக்கும்போது ஒன்று மட்டும் கவனிக்கவும், கோப்பை முழுக்கத் தண்ணீராக இருந்தால் நடுவில் பிரிகோடு தெரியாது. 100 எல்எல்லுக்கு நீல நிறம் உண்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

ஒற்றை_காற்றாடி எழுதியது:

கிடைத்துவிட்டது. கேபிளின் வெளி உறையைப் பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. குமிழை இழுத்தால் உள் கம்பி நகர்வதற்குப் பதில் உறையே கிளாம்ப்புக்குள் வழுக்குகிறது. வெளியே குமிழ் முழுதாக வந்து நிற்கிறது, உள்ளே தகடு மூன்றில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. கிளாம்ப்பை மாற்றி, தகடு நிறுத்தத்தில் இடிக்கும்படி கேபிளைச் சரிசெய்து மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். ஹோஸ் ஒற்றை அடுக்கு, நன்றாக இருக்கிறது. இரண்டு மஃப்ளரிலும் விரிசல் இல்லை. இப்போது 1,700ல் 120 விழுகிறது. அண்ணா, ரொம்ப நன்றி. இனி பறக்கும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பழைய_ஸ்பேனர் எழுதியது:

நல்லது தம்பி. முதல் பறப்பு தனியாக, ஓடுதளத்தின் மேலேயே. இறங்கும்போது ஹீட்டை முதலில் இழுங்கள், அப்புறம் த்ராட்டிலைக் குறையுங்கள், சூடு எக்ஸாஸ்ட்டிலிருந்துதான் வருகிறது, அது ஆறிய பிறகு இழுத்து அதிகப் பயன் இல்லை. நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது கொஞ்சம் பவர் கொடுத்துச் சூட்டைக் காப்பாற்றுங்கள். இறங்குவதை விட்டு மறுபடி ஏறிச் சுற்றிப் போக வேண்டி வந்தால் முழு த்ராட்டில் கொடுத்து ஹீட்டை உள்ளே தள்ளுங்கள், அந்த 15 சதவீதம் அப்போது தேவைப்படும். தரையில் தூசி இருக்கிற இடத்தில் தேவைக்கு மேல் இழுத்து வைக்காதீர்கள், அந்தக் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை. அந்த 120ஐ லாக் புக்கில் தேதியோடு எழுதி வையுங்கள், நாளைக்கு அது 60 ஆனால் கவ்லிங்கைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரியும்.