ஜெர்மனிக்குப் போக வேண்டிய வாலட் குரோமியம் 6 டெஸ்டில் பெயில். டேனரி ரிப்போர்ட்டில் பாஸ். யாரை நம்புவது?

ஆம்பூர்_வாலட்:
வணக்கம். ஆம்பூரில் சின்ன யூனிட் வைத்து வாலட், பெல்ட் தைத்துக் கொடுக்கிறேன். கறுப்பு ஆட்டுத்தோல் வாலட் ஒன்றை பையர் சொன்ன லேபுக்கு அனுப்பினோம். குரோமியம் 6 கிலோவுக்கு 5.2 மி.கி. இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. 3-க்குள் இருக்க வேண்டுமாம். ஆனால் தோல் வாங்கியபோது டேனரி (தோல் பதனிடும் ஆலை) கொடுத்த ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் இருந்தது. "நாங்கள் குரோமியம் 6 போடுவதே இல்லை, லேப்தான் தப்பு" என்கிறார் டேனரிக்காரர். தெரிந்தவர் ஒருவர் கையில் பிடிக்கிற எக்ஸ்ஆர்எப் (எக்ஸ்ரே) மெஷினை வைத்துப் பார்த்தார். குரோமியம் 20,000 பிபிஎம்முக்கு (2 சதவீதம்) மேல் காட்டுகிறது! நாள் முழுக்க இந்தத் தோலைத்தான் எங்கள் பெண்கள் கையால் மடித்துத் தைக்கிறார்கள். பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

தையல்_மாஸ்டர்:
வேறு லேபில் கொடுத்துப் பாருங்கள். சில இடங்களில் பாஸ் ஆகிவிடும்.

ராணிப்பேட்டை_கெமிஸ்ட்:
பாஸ் ஆகிற லேபைத் தேடி அலையாதீர்கள் அம்மா. அங்கே கடைகளில் விற்கிற பொருளை அந்த நாட்டு அதிகாரிகளே எடுத்து டெஸ்ட் செய்கிறார்கள். அதில் சிக்கினால் சரக்கு மொத்தமும் திரும்பும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எச்சரிக்கைப் பட்டியலிலும் ஏறும்.

முதலில் எக்ஸ்ஆர்எப் விஷயம். அது எந்த வகைக் குரோமியம் என்று பிரித்துச் சொல்லாது, மொத்தத்தையும் கூட்டிக் காட்டும். குரோம் பதனிட்ட எந்தத் தோலிலும் இரண்டு, மூன்று சதவீதம் குரோமியம் இருக்கும். அதுதான் தோலைத் தோலாக வைத்திருக்கிறது. அது குரோமியம் 3 என்ற வேறு வகை, லேப் தேடுகிற 6 இல்லை. அந்த நம்பரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டேனரிக்காரர் சொல்வதும் ஒரு வகையில் உண்மை. குரோமியம் 6-ஐ யாரும் பதனிடும் டிரம்மில் கொட்டுவதில்லை. தோலுக்குள் இருக்கிற குரோமியம் 3-தான் பிற்பாடு காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டு 6 ஆக மாறுகிறது. அதனால் ஒரே தோல் இன்று பாஸ் ஆகி, கோடைக் குடோனில் கிடந்த பிறகு பெயில் ஆகலாம்.

எங்கள் லேபில் செய்வது இது. தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி 2 கிராம் எடுப்போம். பிஎச் 8 அளவில் பாஸ்பேட் கரைசலில் போட்டு, ஆக்சிஜன் படாமல் 3 மணி நேரம் குலுக்குவோம். வடிகட்டிய நீரில் டைபினைல்கார்பசைடு என்ற ரசாயனத்தை விட்டால், குரோமியம் 6 இருந்தால் ஊதா நிறம் வரும். அந்த நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளப்போம். உங்களுடையது கறுப்புத் தோல். சாயம் இறங்கினால் இந்த முறையில் அளவு தப்பலாம். அப்போது இந்த டெஸ்டுக்கான ஐஎஸ்ஓ 17075 தரநிலையின் இரண்டாம் பகுதி, அதாவது சாயத்திலிருந்து தனியே பிரித்து அளக்கிற அயான் குரோமட்டோகிராபி முறையில் பார்க்கச் சொல்லுங்கள். லேப் மேல் சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஏஜிங்' (டெஸ்டுக்கு முன் சூட்டில் வைத்துப் பழசாக்குவது) என்று எதிலாவது இருக்கிறதா?

ஆம்பூர்_வாலட்:
பார்த்தேன் சார். பையர் ரிப்போர்ட்டில் 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்த பிறகு டெஸ்ட் செய்ததாக இருக்கிறது. டேனரி ரிப்போர்ட்டில் அது இல்லை. சாம்பிள் பெயருக்கு நேரே 'கிரஸ்ட்' என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை_கெமிஸ்ட்:
அப்படியானால் பினிஷ் ஆவதற்கு முன்னால் எடுத்த தோலுக்கான ரிப்போர்ட் அது. உங்கள் வாலட்டுக்கு அது செல்லாது. ஏஜிங்கைச் சட்டம் கேட்பதில்லை, பையர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். வாலட்டை வாங்கியவர் இன்றைக்கா பயன்படுத்தி முடிக்கப் போகிறார்?

வாணியம்பாடி_டிரம்:
வணக்கம் சகோதரி. நாங்கள் மூன்று தலைமுறையாக டேனரி நடத்துகிறோம். பெரும்பாலும் கோளாறு ஃபேட்லிகரில்தான், அதாவது தோலை மென்மையாக்கப் போடுகிற எண்ணெயில். மலிவாகக் கிடைக்கிறது என்று மீன் எண்ணெய் அதிகம் போட்டால் அது சீக்கிரம் ஆக்சிஜனை இழுக்கும், கூடவே குரோமியத்தையும் மாற்றிவிடும். சாயம் உள்ளே இறங்க அம்மோனியா விட்டாலும் இதே தொல்லைதான். ரீடேனிங்கில் (மறுபடி பதனிடும்போது) மைமோசா போன்ற மரப்பட்டைச் சாறு சேர்த்தால் நல்ல காவல். கடைசியில் பிஎச்சைக் கீழே இறக்கி நன்றாக அலச வேண்டும். பாஸ் ஆவதற்காக மேலே எதையாவது தெளித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளில் குரோமியம் 6 திரும்ப வரும்.

1990 வாக்கில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தபோது இந்தப் பக்கமே ஆடிப்போனது என்று அப்பா சொல்வார். பூஞ்சைக்கு அந்த மருந்துதான் எல்லோரும் போட்டார்கள். அப்புறம் மருந்தை மாற்றினோம், தொழில் நடந்தது. இதுவும் நம்மால் முடியும்.

ஆம்பூர்_வாலட்:
நன்றி. தைக்கிற பெண்களுக்கு ஆபத்து உண்டா?

ராணிப்பேட்டை_கெமிஸ்ட்:
குரோமியம் 6 தோல் அலர்ஜியைக் கிளப்பும். ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. சிமென்ட் வேலை செய்பவர்கள் கையில் வருகிற அரிப்புக்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். 2015 மே மாதம் ஐரோப்பா 3 மி.கி. என்று வரம்பு போட்டதும் இதற்காகத்தான். யாருக்காவது கையில் அரிப்போ வெடிப்போ இருந்தால் உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த லாட்டைத் தைப்பதை இன்றே நிறுத்துங்கள், அனுப்பவும் வேண்டாம்.

அடுத்த ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள்: 'பினிஷ் ஆன தோல், ஏஜிங்குக்குப் பிறகு, 3 மி.கி.க்குக் கீழ்'. உள் லைனிங் துணிக்கு அசோ சாய டெஸ்டும் கேட்பார்கள், அதில் சாயம் சிதைந்து வருகிற, தடை செய்த அமீன் ஒவ்வொன்றுக்கும் வரம்பு கிலோவுக்கு 30 மி.கி. வெட்டுகிற ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை எடுத்து, தேதி போட்டு, கவரில் வையுங்கள்.