மறுமொழி: டீகம்பைலருக்கு என்ன சொல்?

> கம்பைலர் தொகுப்பி என்றால் டீகம்பைலர் பின்தொகுப்பிதானே? இல்லையென்றால் மூலநிரல் மீட்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் அண்ணா,

கம்பைலர் மூலநிரலைச் சில்லுக்கான கட்டளைகளாக மாற்றும்; டீகம்பைலர் அந்தக் கட்டளைகளிலிருந்து மூலநிரல் போன்ற ஒன்றைத் திரும்ப எழுதித் தரும். ஆனால் 'பின்தொகுப்பி' என்றதும் தொகுத்த பிறகு இன்னொரு முறை தொகுப்பது என்றுதான் தோன்றுகிறது. 'மூலநிரல் மீட்பி' தெளிவான சொல்தான், ஆனால் கருவியால் முடியாத வேலைக்கு வாக்குக் கொடுக்கிறது.

டர்பனுக்கு வடக்கே ஒரு கரும்பு ஆலை எடைமேடையின் பழைய சர்க்யூட் போர்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. உள்ளே 8051 என்ற இனத்து மைக்ரோகன்ட்ரோலர் சில்லு. மூலநிரல் யாரிடமும் இல்லை. இன்டெல் 1980இல் கொண்டுவந்த இந்த வடிவமைப்பில் நினைவகம் ஒன்றல்ல: நிரலுக்குத் தனி, உள் தரவுக்குத் தனி, வெளித் தரவுக்குத் தனி. ஒரே முகவரி எண் மூன்றிலும் உண்டு. எந்த நினைவகம் என்பதை மூவ்சி, மூவ், மூவ்எக்ஸ் என்ற கட்டளைதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் கித்ரா என்ற டீகம்பைலர் கருவிக்குச் சில்லின் கட்டளைகளை விளக்கும் ஸ்லே (SLEIGH) விவரிப்பில் இவற்றைத் தனித்தனி வெளிகளாக அறிவித்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நிரலோடு பதித்த திருத்த அட்டவணையும் லாரியின் எடையும் ஒரே மாறியாகக் கலந்துவிடும்.

சில்லு 8 பிட். 32 பிட் எடையைக் கூட்ட நான்கு கூட்டல் கட்டளை வேண்டும்: முதலில் சாதாரணக் கூட்டல், பிறகு மூன்று முறை கேரியையும் (முந்தைய கூட்டலில் மிஞ்சிய ஒன்றையும்) சேர்த்துக் கூட்டல். இந்த நான்கையும் பார்த்து 'இது ஒரே கூட்டல்' என்று கருவி ஊகிக்கிறது. அருமையான வேலை! ஆனால் எழுதியவர் வைத்த மாறிப்பெயரும் குறிப்புரையும் சில்லுக்குள் போகவே இல்லை. இல்லாததை எப்படி மீட்பது?

எனவே என் முன்மொழிவு: மீட்டுருவாக்கி. மூலத்திராவிடச் சொற்களை வருவிக்கும் மொழியியலாளர்கள் 'மீட்டுருவாக்கம்' என்றுதான் சொல்கிறார்கள். வருவித்த வடிவத்தின் முன் உடுக்குறியும் (*) இடுகிறார்கள். கிடைத்த தடயத்திலிருந்து கட்டியது, மூலமே அன்று என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. டிஸ்அசெம்ப்ளர் கட்டளைக்குக் கட்டளை பெயர்த்துத் தருவதோடு சரி. அதற்குக் 'கட்டளைப் பிரிப்பி' போதும்.

'சொல் நீளமாக இல்லையா, தம்பி?' என்று கேட்பீர்கள்.

நீளம்தான் அண்ணா. ஆனால் 'இந்தச் செயற்கூற்றை மீட்டுருவாக்கிப் பார்த்தேன்' என்று வினையாகவும் இயல்பாக வருகிறதே. மிப்ஸ் என்ற செயலி வகைக்கு நீங்கள் எழுதிவரும் கையேட்டில், தாவல் கட்டளைக்கு அடுத்து நிற்பது தாவலுக்கு முன்பே ஓடிவிடும் என்று விளக்கும் பத்தியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இடறினால் சொல்லுங்கள், மாற்றுவோம்.