தென்காசி வீடு (குடும்பக் குழு)

செல்வம் மாமா: பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது: ‘ஃபோலிக் ஆசிட் மாத்திரை விஷம்! எம்.டி.எச்.எஃப்.ஆர். ஜீன் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. பகிரவும்!’

அகிலா: மாமா, எனக்கு நேற்று வந்த ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் அந்தப் பெயர்தான். ‘சி677டி, டி.டி.’ என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். கூடவே மெத்தில் ஃபோலேட் என்று ஒரு டப்பா வாங்கச் சொல்கிறார்கள், மாதம் 1,800 ரூபாய்.

லலிதா: ஐயோ, இதென்னடி புதுசா? பிள்ளை பெற நினைக்கிற நேரத்தில். நம்ம வம்சத்தில் யாருக்கும் இப்படி இல்லையே.

முரளி: இருக்கும் சித்தி, யாரும் பார்த்ததில்லை. டி என்பது அந்த ஜீனின் மாறிய வடிவம். டி.டி. என்றால் உங்களிடமிருந்து ஒரு டி, சித்தப்பாவிடமிருந்து ஒரு டி.

லலிதா: அவர் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

முரளி: தப்பிக்க முடியாது சித்தி, ஆளுக்குப் பாதி. அகிலா, இது நோய் இல்லை. ஃபோலேட் ஒரு பி வைட்டமின், ஃபோலிக் ஆசிட் அதன் மாத்திரை வடிவம். அதை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு (உன் டப்பாவில் இருக்கும் மெத்தில் ஃபோலேட் அதுதான்) மாற்றும் ஒரு என்சைம் உனக்கு மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். சோதனைக் கூடத்தில் அளந்தால் அதன் வேகம் வழக்கமானதில் 30 சதவீதம் அளவுக்கு இறங்கும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒரே அளவு ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால், மற்றவர்களைவிட ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம்தான் குறைவு.

செல்வம் மாமா: அப்போ ரத்தம் உறையும், கரு தங்காது என்று போட்டிருக்கிறானே?

முரளி: மாமா, அந்த இரண்டு காரணத்துக்காக இந்த டெஸ்ட் எடுக்கவே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013லேயே சொல்லிவிட்டது. நரம்புக் குழாய்க் குறைபாடு, அதாவது குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய் கருவில் சரியாக மூடாமல் போவது, அந்த விஷயம் வேறு. டி.டி. உள்ள தாய்க்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால்தான் மாத்திரை இன்னும் அவசியம். நீங்கள் அனுப்பியது நேர் தலைகீழ்.

(செல்வம் மாமா ஒரு செய்தியை நீக்கினார்)

அகிலா: அப்போ அந்த டப்பா?

முரளி: வேண்டாம். 1991இல் வந்த பிரிட்டன் ஆய்வில், முன்பு ஒரு குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருந்த தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்து, மறுபடி வருவதை 72 சதவீதம் குறைத்தார்கள். அது சாதா ஃபோலிக் ஆசிட். டப்பாக்காரர்களிடம் அப்படி ஓர் ஆய்வு கிடையாது. உனக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடையில் கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள், அளவைச் சொல்லி வாங்கு. இப்போதே ஆரம்பி. கரு உண்டாகி 28 நாளில் அந்தக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

லலிதா: நான் தினம் கீரை செய்துதானே போடுகிறேன்?

முரளி: வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவீர்களே சித்தி, ஃபோலேட் அதோடு போகும். தட்டைப்பயறு சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் மாத்திரை மாத்திரைதான். அகிலா, ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் என்று ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் அளவைப் பார்த்தார்களா?

அகிலா: 24 என்று இருக்கிறது அண்ணன்.

முரளி: 15க்குள் இருக்க வேண்டும். எனக்கு ஜீனைவிட இதுதான் உறுத்துகிறது. ஹோமோசிஸ்டீனைக் கரைக்க ஃபோலேட்டும் வேண்டும், வைட்டமின் பி12உம் வேண்டும். நீங்கள் முட்டைகூடச் சாப்பிடாத வீடு. பி12 பார். அது குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

செல்வம் மாமா: முரளி, எனக்கும் பாதம் மரத்த மாதிரி இருக்கிறது. சுகர்தான் என்று விட்டுவிட்டேன்.

முரளி: சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எத்தனை வருஷமாக?

செல்வம் மாமா: பத்து இருக்கும்.

முரளி: அந்த மாத்திரையே பி12ஐக் குறைக்கும் மாமா. நீங்களும் ரத்தம் கொடுங்கள்.

லலிதா: அகிலா, நாளைக்கு லேபுக்குப் போகும்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு போ. போனை வாங்கி வைத்துக்கொள்.