பாதை திறந்தபோது இறங்கிய விலை இப்போது ஏன் இறங்கவில்லை?

கொக்குவில் வாசகி:

என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டுச் செலவை நெடுங்காலமாகக் கொப்பியில் எழுதி வருகிறவர். அந்தக் கொப்பிகளைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீனி, பற்றரி எல்லாம் யாழ்ப்பாணத்தில் கொழும்பு விலையின் பல மடங்குக்கு விற்றன. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு விளக்கெரித்ததையும், பனங்காயால் துணி தோய்த்ததையும் அம்மாவின் தலைமுறை மறக்காது. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் பொருட்கள் வந்தன, விலைகள் இறங்கின. 2006 ஒகஸ்டில் பாதை மூடப்பட்டு, கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்களில் மறுபடி ஏறின. போர் முடிந்து பாதை திறந்தபின் மறுபடி இறங்கின.

ஆனால் 2022இல் ஏறிய விலைகள் அப்படி இறங்கவில்லை. எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் மறைந்து நாளாகிவிட்டது, கடைகளில் பொருட்கள் நிறைந்திருக்கின்றன, பணவீக்கம் 70 சதவீதத்திலிருந்து மிகக் கீழே வந்துவிட்டதாகவும் செய்தி சொல்கிறது. தட்டுப்பாடு தீர்ந்தபின்னும் விலை பழைய இடத்துக்குத் திரும்பாதது ஏன்? விபரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உயர்தரப் பொருளியல் ஆசிரியர், வலிகாமம்:

உங்கள் அம்மா மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். மாணவர்களுக்குப் பணவீக்கத்தைப் படிப்பிக்கும்போது நானும் இந்த இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துத்தான் தொடங்குவேன்.

1990களில் யாழ்ப்பாணத்தில் ஏறியது பொருளின் விலை. அதே ரூபாயைக் கொண்டு வவுனியாவிலோ கொழும்பிலோ அதே சவர்க்காரத்தை வழக்கமான விலைக்கு வாங்க முடிந்தது. இங்கே வந்து சேர வழியில்லாததுதான் விலையை உயர்த்தியது. நாடு முழுவதும் அப்போதும் பணவீக்கம் இருந்ததுதான், ஆனால் இங்கே நாம் கொடுத்த விலைக்கு முன்னால் அது சிறியது. தடை நீங்கியபோது ஏற்றத்தின் காரணமும் நீங்கியது, ஆகவே விலை இறங்கியது.

2022இல் பொருளும் தட்டுப்பட்டது, ஆனால் அதற்கும் மேலாக ரூபாயே தன் பெறுமதியை இழந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்க வேண்டும். 2019 இறுதியில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன; பெறுமதி சேர் வரி (வற்) மட்டும் 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து உல்லாசப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. வருமானம் சுருங்கிய அரசு தன் செலவைச் சமாளிக்கத் திறைசேரி உண்டியல்கள் எனும் குறுங்காலக் கடன் பத்திரங்களை வெளியிட, அவற்றை மத்திய வங்கி புதிதாக உருவாக்கிய பணத்தைக் கொண்டு வாங்கியது. 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரச பிணையங்களின், அதாவது அரசின் கடன் பத்திரங்களின், பெறுமதி நூறு பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2021 முடிவில் அது ஒரு ட்ரில்லியனைத் தாண்டியிருந்தது. நாட்டில் நெல்லோ மீனோ துணியோ அந்த அளவுக்குக் கூடவில்லை. பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் ஒவ்வொரு ரூபாயும் வாங்கும் அளவு குறையும்.

இந்தக் குறைவு உடனே வெளியில் தெரியாதபடி டொலரின் விலை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டது. அதற்குச் செலவானது நாட்டின் அந்நியச் செலாவணி ஒதுக்கு, அதாவது கையிருப்பு டொலர்: 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்தது 2021 முடிவில் 3.1 பில்லியனானது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும், இரண்டு மாதங்களுக்குள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. எரிபொருள், எரிவாயு, கோதுமை, பால்மா, மருந்து என்று நாம் வெளியிலிருந்து வாங்கும் எல்லாவற்றுக்கும், உலக விலை ஒரு சதமும் ஏறாதிருந்தாற்கூட, 80 சதவீதம் கூடுதலாக ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. உக்ரேன் போரால் உலக விலையும் அதே நேரம் ஏறியிருந்தது.

இனி, பணவீக்கம் குறைந்தும் விலை குறையாதது ஏன் என்பதற்கு வருகிறேன். பணவீக்கம் என்று சொல்லப்படும் எண், விலைகள் ஓராண்டுக்குள் எவ்வளவு கூடின என்பதை மட்டும் அளக்கிறது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களின் கட்டு, 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம் ஏறி ஏறக்குறைய 170 ரூபாயானது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக விழுந்தது. அப்படியானால் அந்தக் கட்டு 100க்குத் திரும்பிவிட்டதா? இல்லை, 170இலிருந்து இன்னும் சற்று ஏறி 172 ஆகியது. உங்கள் அம்மா கொப்பியில் காண்பது இந்த 172ஐ. செய்தியில் வருவது அந்த 1.3ஐ. இரண்டும் உண்மை.

இன்னுமொன்று. இந்த எண்கள் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணிலிருந்து வருபவை. அது கொழும்பு மாவட்டத்து நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துக் கணிக்கப்படுவது. நாடு தழுவிய தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுக்குக் கொடுக்கப்படும் பங்கு அதைவிடக் கூடுதல். அங்கே 2022 செப்டெம்பர்ப் பணவீக்கம் 73.7 சதவீதம். வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவிடும் வீடு எந்தச் சுட்டெண் சொல்வதைவிடவும் அதிகமாக அடிபட்டிருக்கும்.

ஓட்டோச் சாரதி, மானிப்பாய்:

ஆசிரியர் சொல்வது விளங்குகிறது. ஆனாலும் வியாபாரிகளின் பங்கை விட்டுவிட முடியாது. டொலர் ஏறிய அன்றே பழைய சரக்குக்கும் புதிய விலை ஒட்டினார்கள். டொலர் 300 அளவுக்கு இறங்கியபோது அதே வேகத்தில் குறைக்கவில்லை. இதைக் கேட்க ஆளில்லையா?

பலசரக்குக் கடை, சுன்னாகம்:

தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதுக்கியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்காக நான் பேச வரவில்லை. ஆனால் பழைய சரக்குக்குப் புதிய விலை போடுவதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். பத்து மூடை சீனியைப் பழைய விலைக்கே விற்று முடித்தால், கையில் சேரும் காசுக்கு அடுத்த தடவை ஆறு மூடைதான் வரும்; அதையும் அப்படியே விற்றால் அதற்கடுத்த தடவை நாலு. நான் விற்ற விலையைப் பார்த்து மொத்த வியாபாரி எனக்குச் சலுகை தருவதில்லை. 2022இல் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள்கூட லொறி வந்து நிற்கும்போதே காசைக் கேட்டார்கள்.

இறங்காததற்குக் காரணம் வேறு. விலை ஏறிய காலத்தில் கடையில் நிற்கும் பையன்களின் சம்பளத்தைக் கூட்டினேன். கூட்டாவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பெரியாது. கடை வாடகை கூடியது, மின்கட்டணம் கூடியது, லொறிக் கூலி கூடியது, வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. டொலர் இறங்கியதும் கோதுமை மாவும் சீனியும் ஓரளவு இறங்கின, பெற்றோலும் 470இலிருந்து இறங்கி 2025இல் 300 ரூபாயை ஒட்டி வந்தது. ஆனால் கூட்டிய சம்பளத்தைப் பையனிடம் போய்க் குறைக்கிறேன் என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்தச் சம்பளமும் வாடகையும் ஒவ்வொரு பொருளின் விலைக்குள்ளும் இருக்கின்றன.

பைக்கற்றின் நிறையையும் கவனியுங்கள். விலையைத் தொடாமல் பிஸ்கற்றின் கிராமைக் குறைத்த கம்பனிகள் உண்டு. கொப்பியில் விலையோடு நிறையையும் எழுதச் சொல்லுங்கள், தங்கச்சி.

செம்மண் தோட்டக்காரர், புன்னாலைக்கட்டுவன்:

நான் மண்ணெண்ணெயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து இறைப்பு மெசின்கள் பல அதில்தான் ஓடுகின்றன. நாடு முழுவதும் பெற்றோல் நானூறைத் தாண்டிய பின்னும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாகவே வைக்கப்பட்டிருந்தது. விலை மலிவு, ஆனால் பல நாள் கான் கொண்டுபோய் வரிசையில் நின்றாலும் கிடைக்காது. 2022 ஒகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாயாக்கினார்கள். கடலுக்குப் போகிறவர்களும் நாங்களும் அன்று பட்ட பாடு பெரிது. இறக்குமதிச் செலவுக்குக் கீழே ஒரு விலையைப் பிடித்து வைத்திருந்தால், அது ஏறும்போது படிப்படியாக ஏறுவதில்லை. 2025இல் அது 200க்குக் கீழே வந்தது. 87க்கு இனி வராது.

ஆனால் நான் விளைவிக்கும் சின்ன வெங்காயத்தின் விலை செலவைப் பார்த்து ஏறுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெங்காயம் கிண்டினால், அதோடு இறக்குமதியும் வந்து சேர்ந்தால், திருநெல்வேலிச் சந்தையில் விலை விழுந்துவிடும். நனைந்த பாத்தியில் அழுகிப்போன வருடம் ஏறிவிடும். அதைப் பார்த்து விலைவாசி இறங்கிவிட்டது, ஏறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பருவத்தோடு ஏறி இறங்கும் மரக்கறி விலை வேறு. இறைப்பு, உரம், கூலி மூன்றும் ஏறியபின் பழைய அளவுக்குத் திரும்பாமல் நிற்பது வேறு.

கொக்குவில் வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியரிடம் இன்னும் இரண்டு கேள்விகள். விலைகள் பழையபடி இறங்குவதை நாங்கள் விரும்பலாமா? அம்மாவின் சேமிப்பு முழுவதும் நிலையான வைப்பில்தான் இருக்கிறது. அதற்கு என்ன நேர்ந்திருக்கும்?

உயர்தரப் பொருளியல் ஆசிரியர், வலிகாமம்:

முதற் கேள்விக்கு: ஒரு அளவுக்கு இறங்கியும் இருக்கிறது. 2024 செப்டெம்பரிலிருந்து 2025 யூலை வரை கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இருந்தது. மின்கட்டணமும் எரிபொருளும் குறைந்தது அதற்குப் பெரிய காரணம். அப்படிப்பட்ட இறக்கம் நல்லது. ஆனால் 172ஐ மறுபடி 100 ஆக்க வேண்டுமென்றால் சுன்னாகத்து அண்ணை சொன்ன அந்தச் சம்பளங்களும் சேர்ந்து விழ வேண்டும், வாங்குவார் இல்லாமல் கடைகள் மூட வேண்டும், கடன்பட்டவர்கள் குறைந்த வருமானத்தில் அதே கடனைக் கட்ட வேண்டும். அதை நான் விரும்பமாட்டேன். வருமானம் விலையை எட்டிப் பிடிப்பதுதான் நமக்கு வேண்டியது; ஓய்வூதியமும் நாட்கூலியும் அதில் இன்னும் பின்தங்கி நிற்பதுதான் என் கவலை.

மத்திய வங்கியின் இலக்கும் பூச்சியமன்று, 5 சதவீதம். அந்த வேகத்தில் போனாலும் ஏறக்குறைய 14 ஆண்டுகளில் விலை இரண்டு மடங்காகும். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அரசின் செலவுக்காக மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை அரசிடமிருந்து நேரடியாக வாங்குவதைத் தடுத்திருக்கிறது. 2022 திரும்பாதிருக்க இந்தத் தடை காக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது கேள்வி மனதுக்கு வருத்தமானது. 2021 செப்டெம்பரில் ஒரு இலட்சம் ரூபாயை 6 சதவீத வட்டிக்கு வைத்ததாகக் கொள்வோம். ஓராண்டு கழிந்து கையில் 106,000 ரூபாய்; ஆனால் முன்பு ஒரு இலட்சத்துக்கு வாங்கிய பொருட்களுக்கு இப்போது 169,800 ரூபாய் வேண்டும். வட்டியோடு சேர்த்தும் அவற்றில் 62 சதவீதத்தைத்தான் வாங்க முடியும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை, அதாவது வங்கிகளோடு தான் கொடுக்கல் வாங்கல் செய்யும் வட்டியை, ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபின் வைப்பு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது வைப்பைப் புதுப்பித்தவர்கள் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டார்கள். அம்மாவின் வைப்புச் சான்றிதழ்களில் புதுப்பித்த திகதியும் வட்டியும் இருக்கும், அவற்றை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இனிப் புதுப்பிக்கும்போது, வட்டியிலிருந்து வரியையும் பணவீக்கத்தையும் கழித்து மிஞ்சுவதையே வருமானமாக எண்ணுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவானவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். அம்மா அந்தப் படிவத்தைக் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.