சிசேரியன் தையலுக்கு ரெட் லைட்டு காட்டலாமா, யாராச்சும் யூஸ் பண்ணீங்களா?

ராயபுரம் புது அம்மா:
சிசேரியன் ஆகி இன்னியோட 19 நாள். எங்க வூட்டுக்காரரு ஆன்லைன்ல 4,200 ரூபா குடுத்து ரெட் லைட் பேனல் ஒண்ணு வாங்கிட்டு வந்து தையலுக்கு காட்டு சீக்கிரம் ஆறிடும்ன்றாரு, மாமியாரு பச்ச ஒடம்புக்கு சூடு ஆகாதுன்னு பிளக்கையே புடுங்கி வெச்சிட்டாங்க. பாதி பல்பு எரியல வேற. டூப்ளிகேட்டா?

வியாசர்பாடி ரெண்டு புள்ள:
நா பண்ணேன்பா. ஒன்றரை மாசம் கழிச்சு, செக்கப்ல டாக்டர் சரின்னு சொன்ன அப்றம்தான். தெனம் 10 நிமிஷம், அரிப்பு கொறஞ்சுது, தழும்பு தடிப்பும் அமுங்குச்சு. அந்த பல்பு ரிப்பேர் இல்ல, 850 நானோமீட்டர் அலைநீளத்துல வர்ற வெளிச்சம் கண்ணுக்கு சரியா தெரியாது, மொபைல் கேமரால பாரு தெரியும். செவப்பா எரியறது 660.

கல்மண்டபம் அக்கா:
ஒன்றரை மாசம் ஆனா லைட்டு இல்லாமயே அரிப்பு கொறையும்மா. நா பால் சுறா புட்டும் பூண்டு கொழம்பும் துன்னுக்கினு கெடந்தேன், எனக்கும்தான் தழும்பு அமுங்குச்சு. சுறாதான் அமுக்குச்சுன்னு சொல்லிக்கவா?

வியாசர்பாடி ரெண்டு புள்ள:
இது டுபாக்கூர் இல்லக்கா. 1967ல ஹங்கேரில எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர், முடி வழிச்ச எலிங்க மேல லேசர் காட்டுனாரு, காட்டுன எடத்துல முடி சீக்கிரம் மொளைச்சுது, அதுலேர்ந்து ஆரம்பிச்சது இது. கேன்சர் டிரீட்மெண்ட்ல வர்ற வாய்ப்புண்ணுக்கு டாக்டருங்களே குடுக்கறாங்க.

கல்மண்டபம் அக்கா:
எலிக்கு முடி மொளைச்சா எனுக்கு இன்னா! டாக்டர் அளவு பாத்து காட்டறதும், டப்பால வந்தத நீ கட்டில்ல படுத்துக்கினு காட்டறதும் ஒண்ணா? அந்த 4,200க்கு ஒரு மாசம் மீன் வாங்கலாம்.

பெரம்பூர் ரிட்டயர்டு நர்ஸ்:
மாமியார் நெனைக்கறது அந்த 150 வாட் செவப்பு குண்டு பல்பா இருக்கும், பிசியோல இடுப்பு வலிக்கு காட்டுவாங்களே. அது சூட்டுக்கு, இது வேற. ஆனா அவங்க பயமும் சும்மா இல்ல, தையலுக்கு மேல தொட்டா மரத்துப் போன மாதிரி இருக்கும்ல, அங்க சூடு ஏறினா தெரியாது, கொப்புளம் வந்தாதான் தெரியும். இந்த வெளிச்சம் போறதும் கொஞ்ச ஆழம்தான், கர்ப்பப்பை தையலையெல்லாம் இது ஆத்தாது. 19 நாள்ல வேணாம்மா. தையல் காஞ்சிருக்கா?

ராயபுரம் புது அம்மா:
கண்ணாடி வெச்சு பாத்தேன் சிஸ்டர், எடது ஓரத்துல கொஞ்சம் ஈரம், நைட்டி ஒட்டிக்குது. வேர்வைன்னு விட்டுட்டேன். அதுக்குதான் லைட்டு காட்டினா காஞ்சிடுமோன்னு...

பெரம்பூர் ரிட்டயர்டு நர்ஸ்:
இத மொதல்ல சொல்றதில்லையா! காய்ச்சல் பாரு. வாடை வருதா?

ராயபுரம் புது அம்மா:
100.6 காட்டுது. லேசா வாடை இருக்கு.

கல்மண்டபம் அக்கா:
ஆபரேஷன் பண்ண எடத்துக்கே கெளம்பு, இல்லன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலதானே கீது. நாளைக்குன்னு வெக்காத. கொழந்தயையும் கூட தூக்கிக்கோ, பால் குடுக்கணும்.

வியாசர்பாடி ரெண்டு புள்ள:
ஆமாப்பா போ. சீழ் கோத்த எடத்துல நானும் லைட்டு காட்ட சொல்லமாட்டேன்.

ராயபுரம் புது அம்மா:
ஆட்டோ வந்துடுச்சு, மாமியாரும் வர்றாங்க. அந்த பிளக்க இன்னும் முந்தானைலதான் முடிஞ்சு வெச்சிருக்காங்க.